பனி விலகிய கடல் நம் சுமையை ஏற்குமா?



2025-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், உரோமை நகருக்கு அருகிலுள்ள காஸ்தெல் கந்தோல்ஃபோவில் காலநிலை நீதி குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று தொடங்கியது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் பத்தாம் ஆண்டையொட்டி நடந்த கூட்டம் அது. அங்கே, கிரீன்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பெரிய பனிக்கட்டியின்மேல் கைவைத்துத் திருத்தந்தை பதினான்காம் லியோ ஆசீர்வதித்தார். அந்தப் படம் நம் ஊர்க் கைப்பேசிகளிலும் வலம் வந்தது. "ஐஸ் கட்டிக்கு மந்திரிக்கிறார்" என்று கேலி செய்தவர்களும் உண்டு. கேலி கிடக்கட்டும். அந்தப் படத்தைத் தொடர்ந்து நம் பங்கு இளையோர் சிலர் எழுப்பிய கேள்வி ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது.

துருவத்தில் பனி உருகினால் கடல் திறந்துகொள்கிறது. திறந்த கடல் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கூடுதலாக உறிஞ்சும். அப்படியானால் பனி உருகுவதில் ஒரு நன்மையும் இருக்கிறதே, இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறதே என்பதுதான் அந்தக் கேள்வி. இது படிப்பில்லாதவர் கேட்கும் கேள்வியன்று. கடலை ஆராய்ந்தவர்களில் பலரும் இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை ஏறக்குறைய இதையே எதிர்பார்த்தார்கள். பிறகு கப்பலில் போய் அளந்து பார்த்தார்கள். அளந்தபோது கிடைத்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். திருவாலங்காட்டில் உட்கார்ந்துகொண்டு வடதுருவத்தைப் பற்றி எழுத நமக்கு என்ன தேவை என்று கேட்கலாம். அதற்கும் வருவோம்.

முதலில் ஒரு தெளிவு. திருத்தந்தை தொட்டது பனியாற்றுப் பனி. நிலத்தின்மேல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்து இறுகிய நன்னீர் அது. அது உருகிக் கடலில் சேர்ந்தால் கடல்மட்டம் உயரும். இளையோர் கேட்டதோ கடற்பனியைப் பற்றி. கடல்நீரே குளிர்காலத்தில் உறைந்து, சில மீட்டர் தடிமனுக்கு நீரின்மேல் மிதக்கும். கோடையில் ஒரு பகுதி உருகும், மறுபடி உறையும். ஏற்கெனவே மிதந்துகொண்டிருப்பதால் அது உருகினாலும் கடல்மட்டம் அவ்வளவாக உயராது. தம்ளரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் தண்ணீர் வழிவதில்லை அல்லவா? ஆகவே செய்தித்தாள்களில் கடற்பனிக்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. ஆனால் காற்றுக்கும் கடலுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் அதன் பங்கு பெரிது.

அந்தக் கொடுக்கல் வாங்கலின் அளவைச் சற்றுப் பார்ப்போம். நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரித்ததால் 2024-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயு வெளியானது. காடழிப்பால் வருவது இதற்கு மேல். இப்படி வெளியாகும் மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. மரமும் மண்ணும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியது காற்றில் தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315 ஆக இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கடல் தன் கால் பங்கை வாங்காதிருந்தால் இந்த எண் எங்கோ போயிருக்கும். கேட்காமலும் கூலி பெறாமலும் நமக்காக நடக்கும் வேலை இது.

கடல் எப்படி வாங்குகிறது? கோலி சோடாவைக் குடித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குளிர்ந்த நீரில் வாயு அடங்கிக் கிடக்கும். வெயிலில் சூடான சோடாவைத் திறந்தால் வாயு பொங்கி வெளியே ஓடும். துருவக் கடலின் நீர் உறைநிலைக்கு அருகில் இருப்பதால் வாயுவை ஏற்கும் திறன் அதற்கு அதிகம். கடலின் மேல்நீரில் உள்ள கரியமில வாயுவின் அழுத்தம் காற்றில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் காற்றிலிருந்து கடலுக்குள் போகும். கூடுதலாக இருந்தால் கடலிலிருந்து காற்றுக்குத் திரும்பும். இரண்டும் சமமானால் போக்குவரத்து நின்றுவிடும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போகும் எல்லாம் புரிந்துவிடும். மேல்நீர் வாங்கியதைக் கீழே அனுப்பிவிட்டுப் புது நீரை மேலே கொண்டுவந்தால்தான் தொடர்ந்து வாங்க முடியும்.

வடதுருவக் கடலின் மேல்நீரில் கரியமில வாயு குறைவாக இருந்தது. மேலே பனி மூடியிருந்ததால் காற்றோடு அதற்குத் தொடர்பும் குறைவு. ஆகவே, மூடியை எடுத்துவிட்டால் அது ஏராளமாக இழுத்துக்கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். பாத்திரம் காலியாக இருக்கிறது, மூடிதான் தடை என்பது வாதம். கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது.

2007-ஆம் ஆண்டுக் கோடையின் முடிவில் வடதுருவப் பனி அதுவரை செயற்கைக்கோள்கள் பார்த்திராத அளவுக்குச் சுருங்கியது. அடுத்த ஆண்டு, 2008 கோடையில், 'சூலோங்' என்னும் சீனப் பனியுடைப்புக் கப்பல், அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் வடக்கே உள்ள கனடா ஆழ்படுகை என்ற பகுதிக்குச் சென்றது. முன்பெல்லாம் பனி மூடிக் கிடந்த அந்த இடத்தில் இப்போது திறந்த நீர். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய வெய்-ஜுன் கய் என்பவரும் அவருடைய குழுவினரும் அந்த நீரிலுள்ள கரியமில வாயுவை அளந்தார்கள். 2010-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்த பாத்திரம் ஏற்கெனவே பெரும்பாலும் நிரம்பியிருந்தது. மேல்நீரின் அளவு காற்றின் அளவை நெருங்கிவிட்டிருந்தது. பனி விலகிய சில வாரங்களிலேயே கடல் வாங்கவேண்டியதை வாங்கிவிட்டு, அதற்குமேல் வாங்க இடமில்லாமல் நின்றுவிட்டது.

ஏன் இப்படி? நம் பகுதியினருக்குத் தெரிந்த காட்சி ஒன்றைச் சொன்னால் எளிதாகும். கொசஸ்தலை ஆற்றில் வடகிழக்குப் பருவமழையின்போது வெள்ளம் வந்து, பூண்டி நீர்த்தேக்கம் நிறைந்து, உபரி எண்ணூர் முகத்துவாரத்தில் போய் விழும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆற்றின் கலங்கல் நீர் உடனே கடலோடு கலப்பதில்லை. நன்னீர் இலேசானது; உப்புநீர் கனமானது. ஆகவே செம்மண் நிற நீர் கடலின்மேல் தனிப் படலமாகப் பரவும். பனி உருகிய நீரும் அப்படித்தான். கடல்நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே உருகும்போது கிடைப்பது ஏறக்குறைய நன்னீர். அது மேலே பத்து இருபது மீட்டர் அளவுக்கு ஒரு படலமாகத் தங்கிவிடுகிறது. வெயிலில் அந்தப் படலம் சூடும் ஆகிறது. சூடான சோடா கதைதான். காற்றிலிருந்து வாங்கிய கரியைக் கீழே அனுப்ப வழியில்லை. கீழிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வரவும் வழியில்லை. பனி என்ற மூடி போய், நன்னீர் என்ற வேறொரு மூடி வந்துவிட்டது.

கடலில் உள்ள நுண்பாசிகள் என்ன செய்கின்றன என்று கேட்கலாம். அவை செடிகொடிகளைப் போலவே கரியமில வாயுவை உண்டு வளர்பவை. பனி விலகி வெயில் பட்டால் அவை பெருகவேண்டாமா? இங்கே கரும்பு போடும் நம் விவசாயிகளுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில் மட்டும் இருந்தால் கரும்பு வளர்ந்துவிடுமா? உரம் வேண்டும். கடலின் உரம் ஆழத்தில் கிடக்கிறது. மேல்நீரும் அடிநீரும் கலந்தால்தான் அது பாசிகளுக்குக் கிடைக்கும். நன்னீர்ப் படலம் அந்தக் கலப்பைத் தடுத்துவிட்டதால், வெயில் நிறைய இருந்தும் உரமில்லாத வயலாகிவிட்டது அந்த ஆழ்படுகை.

ஒரே ஒரு கோடையில் அளந்ததை வைத்து இப்படிப் பேசலாமா என்ற ஐயம் நியாயமானது. 2020-இல் வந்த இன்னோர் ஆய்வு அதைத் தீர்த்தது. 1994 முதல் 2017 வரை பல நாட்டுக் கப்பல்கள் எடுத்த அளவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கனடா ஆழ்படுகையின் மேல்நீரில் கோடைக்காலக் கரியமில வாயு, காற்றில் அது கூடும் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் கூடிவந்திருந்தது. ஆனால் பக்கத்திலேயே உள்ள சுக்சி என்ற ஆழமற்ற கடலில் அப்படி நடக்கவில்லை. அங்கே பசிபிக் பெருங்கடலிலிருந்து பெரிங் நீரிணை வழியாக உரம் வந்துகொண்டிருக்கிறது, பாசிகள் செழிக்கின்றன, அந்தக் கடல் தொடர்ந்து வாங்குகிறது. ஆகவே, பனி உருகினால் கடல் கூடுதலாக வாங்கும் என்பதும் முழுப் பொய்யில்லை. ஆழமற்ற ஓரங்களில் அது உண்மை, நடுக்கடலில் உண்மையில்லை. ஓரத்தில் கண்டதை வைத்து முழுக் கடலுக்கும் கணக்குப் போட்டதில்தான் பிசகு நேர்ந்தது.

வாங்கிய கரி என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கரியமில வாயு நீரில் கரைந்தால் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் உலகக் கடல்நீரில் அமிலத்தன்மை தரும் அயனிகள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியிருக்கின்றன. மேற்கு வடதுருவக் கடலில் இது மற்றக் கடல்களைவிட மூன்று நான்கு மடங்கு வேகத்தில் நடக்கிறது என்று 2022-இல் தெரியவந்தது. பனி உருகிய நீருக்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி குறைவு என்பதே காரணம். சிப்பி, சங்கு, சிறு நத்தை வகைகள் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்ளத் தேவையான சுண்ணாம்பு இதனால் குறைகிறது. 'இறைவா, உமக்கே புகழ்' சுற்றுமடலின் 24-ஆம் பத்தியில் கடலின் அமிலத்தன்மையும் கடல் உணவுச் சங்கிலியும் குறிப்பிடப்பட்டிருப்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை. கடல் நமக்காகச் சுமக்கிறது என்று சொல்லும்போது, அந்தச் சுமையில் நசுங்குவது அங்கே வாழும் உயிர்கள்தான்.

இனித் தென்துருவத்துக்கு வருவோம். பரப்பில் வடதுருவக் கடல் சிறியது. உலகக் கடல்களில் நூற்றில் நான்கு பங்கு அளவே இருக்கும். ஆனால் அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடல் அப்படியல்ல. மனிதர் வெளியிடும் கரியில் உலகக் கடல்கள் ஏற்கும் மொத்தத்தில் ஏறத்தாழ 40 சதவீதத்தை அதுவே ஏற்கிறது. அங்கே ஏதேனும் பிசகினால் வடதுருவத்தைப்போல் சிறிய விஷயமாக முடியாது. அங்குள்ள பனி 2016 வரை பெரிதாகக் குறையவில்லை. சில ஆண்டுகளில் கூடியும் இருந்தது. "பாருங்கள், பனி கூடுகிறது" என்று காலநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் இதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2023 பிப்ரவரியில் அது 17.9 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவு தொடங்கிய 1979-க்குப் பின் அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. அதே ஆண்டுக் குளிர்காலத்திலும் பனி வழக்கமான அளவுக்கு வளரவில்லை. மறுப்பவர்களின் குரல் இப்போது இந்தப் பக்கம் கேட்பதில்லை.

தெற்கில் பனியின் வேலை வேறு. அங்கே ஆழத்திலிருந்து மேலெழும் நீர் பல நூறு ஆண்டுகளாகக் கீழே கிடந்த நீர். செத்து மக்கிய கடல் உயிர்களின் கரி அதில் நிறையச் சேர்ந்திருக்கிறது. அது மேலே வந்து காற்றைத் தொட்டால் கரியமில வாயுவை வாங்காது, வெளியே விடும். தென்துருவக் குளிர்காலத்தின் சூறைக்காற்று கடலைக் கலக்கி அந்த நீரை மேலே இழுக்கப் பார்க்கிறது. மேலே பனி மூடியிருந்தால் காற்றின் கை அங்கே எட்டாது. பிரித்தானியரின் ரொதேரா ஆய்வு நிலையத்தின் அருகே 2010 முதல் 2020 வரை குளிர்காலத்திலும் விடாமல் எடுத்த அளவுகளை வைத்து 2025-இல் ஓர் ஆய்வு வெளியானது. பனி நீண்ட நாள் தங்கிய குளிர்காலங்களை உடைய ஆண்டுகளில் கடல் 20 சதவீதம் வரை கூடுதலாகக் கரியமில வாயுவை ஏற்றது என்பது அதன் முடிவு. அதாவது, அங்கே பனி இருப்பதுதான் கடல் வாங்க உதவுகிறது. நம் இளையோரின் கேள்வி அங்கே தலைகீழாகிவிடுகிறது.

இன்னொன்றும் தெரியவந்தது. கடந்த சில பத்தாண்டுகளாகத் தென்பெருங்கடலின் மேல்நீரில் நன்னீர் கூடி, அந்தப் படலம் கரி நிறைந்த ஆழ்நீரைக் கீழேயே அமுக்கி வைத்திருந்தது என்று ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்தார் 2025-இல் எழுதினார்கள். வடக்கில் கெடுதல் செய்த அதே நன்னீர்ப் படலம் தெற்கில் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! ஆனால் 2015-க்குப் பின் தெற்கின் மேல்நீரில் உப்பு கூடிவருகிறது, பனி குறைவதும் அதே காலத்தில் நிகழ்கிறது என்று செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு இன்னொரு குழு அதே ஆண்டு ஜூன் இறுதியில் காட்டியது. இதை வைத்துச் சில செய்தித்தளங்கள் "தென்பெருங்கடலின் நீரோட்டமே திசைமாறிவிட்டது, காற்றில் கரியமில வாயு இரட்டிப்பாகப் போகிறது" என்று பரபரப்பாக எழுதின. வாட்ஸ்அப்பில் நமக்கும் வந்தது. அந்த ஆய்வுக் கட்டுரை அப்படி எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. நம்மை அச்சுறுத்தும் செய்தியாக இருந்தாலும், நமக்குச் சாதகமான செய்தியாக இருந்தாலும், கட்டுரையில் உள்ளதை மட்டும் நம்புவோம். உள்ளது இவ்வளவுதான்: கீழே அமுக்கி வைத்திருந்த மூடி தளரத் தொடங்கியிருக்கலாம் என்ற கவலைக்கு இடம் இருக்கிறது.

இந்தியாவுக்கு இதில் என்ன பங்கு? நாம் நினைப்பதைவிடக் கூடுதல். வடதுருவத்தையொட்டிய ஸ்வால்பார்டு தீவுகள் குறித்த 1920-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்த இந்தியாவும் கையெழுத்திட்ட நாடு. அங்கே நை-ஆலசுண்ட் என்ற இடத்தில் 2008 ஜூலையில் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. தெற்கில் 1989 முதல் 'மைத்ரி', 2012 முதல் 'பாரதி'. இவற்றைக் கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் கடல் ஆய்வு மையம் நடத்துகிறது. நமக்குப் பெருமை தரும் இன்னொன்று, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள் வடிவமைத்த 'இண்ட்ஆர்க்' என்ற கருவித்தொகுப்பு. 2014 ஜூலை 23 அன்று, ஹிமாத்ரிக்கு அருகிலுள்ள காங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியில் 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அதை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். அட்லாண்டிக்கின் வெப்பநீரும் பனியாறுகள் உருகிவரும் குளிர்நீரும் சந்திக்கும் கழி அது. கப்பல் போக முடியாத நீண்ட இருள்காலத்திலும் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அது பதிவு செய்தது. நம் ஊரிலிருந்து மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கிப் பேருந்து பிடித்தால் போய்விடக்கூடிய ஓர் அலுவலகத்தில் உருவான கருவி!

ஆனால் இந்தியா சம்பந்தப்பட்ட இன்னொரு கதையும் உண்டு. அதைத்தான் நம் இளையோர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை, கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் முன்பு சொன்ன ஜெர்மன் நிறுவனமும் சேர்ந்து 'லோஹாஃபெக்ஸ்' என்ற ஆய்வை நடத்தின. லோஹா என்றால் இந்தியில் இரும்பு. தென்பெருங்கடலில் நுண்பாசிகள் வளரப் போதிய இரும்புச்சத்து இல்லை. இரும்பைக் கரைத்து ஊற்றினால் பாசிகள் பெருகும். அவை கரியமில வாயுவை உண்டு, செத்து ஆழத்துக்குப் போகும். கரியும் கூடவே போய்விடும் என்பது பல ஆண்டுகளாகப் பேசப்பட்ட யோசனை. கடலுக்கு உரம் போடும் வேலை. கப்பல் கிளம்பியதும் சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்த்தன. ஜெர்மன் அரசு நிறுத்திவைத்தது. மறுஆய்வுக்குப் பின் ஜனவரி இறுதியில் அனுமதித்தது. இந்தியாவின் வாஜிஹ் நக்வி, ஜெர்மனியின் விக்டர் ஸ்மெட்டாசெக் இருவரும் தலைமை ஏற்றார்கள். 300 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் இரும்பைக் கரைத்துவிட்டு 39 நாள் கூடவே இருந்து கவனித்தார்கள்.

பாசிகள் பெருகத்தான் செய்தன. ஆனால் ஓடு கட்டிக்கொண்டு கனத்து மூழ்கும் டயாட்டம் வகைப் பாசிகள் பெருகவில்லை. அவற்றின் ஓட்டுக்குத் தேவையான சிலிக்கா அந்த நீரில் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தது. பெருகிய மெல்லிய பாசிகளைச் சிறிய மிதவை உயிரிகள் மேய்ந்தன. அவற்றை இறால் போன்ற சற்றே பெரிய உயிரிகள் பிடித்துத் தின்றன. கரியில் மிகச் சிறு பகுதியே ஆழத்துக்குப் போனது. அந்த ஆய்வாளர்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அவர்கள்மேல் நமக்கு மதிப்புக் கூடுகிறது. இரும்பு ஊற்றிக் கரி வரவு விற்கலாம் என்று காத்திருந்த நிறுவனங்களுக்குத்தான் அது கசந்தது. பனி உருகினால் கடல் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இரும்பு போட்டால் கடல் வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவை என்றே நாம் கருதுகிறோம். எரிப்பதைக் குறைக்காமலேயே தப்பிக்க வழி தேடும் மனம் அது.

இது அறிவியல் ஆர்வத்துக்காக மட்டும் பேசும் விஷயமன்று. இதில் பெரிய நியாயப் பிரச்சினை இருக்கிறது. பூமியின் வெப்பம் 1.5 பாகைக்கு மேல் உயராமல் இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பாவது வேண்டுமானால், 2020-இன் தொடக்கத்திலிருந்து உலகம் இன்னும் 50,000 கோடி டன் கரியமில வாயுவைத்தான் வெளியிடலாம் என்று ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழு 2021-இல் கணக்குச் சொன்னது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 கோடி டன் செலவாகும் கணக்கில் அதில் பாதிக்கும் குறைவே மிச்சம் இருக்கும். இந்தக் கணக்கு, கடல் தன் பங்கை இனியும் எடுத்துக்கொள்ளும் என்ற கணிப்பின்மேல் எழுதப்பட்டது. அந்தப் பங்கு கணித்ததைவிடக் குறைந்தால் மிச்சமும் குறையும்.

குறைந்தால் யாருக்குக் குறையும்? ரேஷன் கடையில் சரக்கு குறைந்தால் வரிசையில் கடைசியில் நிற்பவருக்குத்தான் இல்லை என்பார்கள். முதலில் வந்தவர்கள் மூட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறக் காரணமாகிறார். ஓர் இந்தியர் ஏறத்தாழ 2 டன். அந்த 2 டன்னும் சராசரிதான். செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்துக்கும் குளிர்சாதன வீட்டில் வாழும் குடும்பத்துக்கும் அது ஒன்றாகாது. 2070-க்குள் நிகர வெளியீட்டைப் பூச்சியமாக்குவோம் என்று இந்தியா 2021-இல் கிளாஸ்கோவில் அறிவித்தது. கடல் கைவிட்டால், "இன்னும் சீக்கிரம் நிறுத்துங்கள்" என்ற அழுத்தம் இன்னும் மின்சாரமே போதிய அளவு கிடைக்காத மக்கள்மேல்தான் முதலில் விழும். இதைப் பன்னாட்டுக் கூட்டங்களில் நம் அரசு உரக்கச் சொல்வது நியாயமே. அதே அரசு நிலக்கரிச் சுரங்கங்களையும் பெருக்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னால்தான் நம் பேச்சு நேர்மையாக இருக்கும்.

இப்போது திருவாலங்காட்டுக்கு வருவோம். நம் ஒன்றியத்தின் வழியே வரும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தின் கரைகளில்தான் நமக்கு மின்சாரம் தரும் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் நிற்கின்றன. நிலக்கரியை எரித்து எடுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவிடும் ஒரு வீட்டின் மின்சாரம் முழுவதும் அப்படி வந்ததாக வைத்துக்கொண்டால் 300 கிலோ. அது எண்ணூரிலேயே தங்குவதில்லை. ஓரிரு ஆண்டுகளில் உலகின் காற்று முழுவதிலும் கலந்துவிடுகிறது. அதில் கால் பங்கு, அதாவது 75 கிலோ, ஏதோ ஒரு கடலில் இறங்குகிறது. அந்த 75 கிலோவில் 30 கிலோ அளவு தென்பெருங்கடலின் பங்காகும். நம் வீட்டு மின்விசிறிக்கும் அண்டார்க்டிகாவின் பனிக்கும் இடையே உள்ள உறவு இவ்வளவு நேரடியானது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஏழை வீட்டில் ஒரு விளக்கைக் குறைக்கச் சொல்லும் எண்ணம் நமக்கு இல்லை. ஆனால் கோயில் வளாகத்திலும் பங்கு மன்றத்திலும் திருவிழாக் காலச் சீரியல் விளக்குகளிலும் எவ்வளவு செலவாகிறது என்று நாம் இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைப்போருக்கு மூன்று கிலோவாட் வரை 78,000 ரூபாய் மானியம் தரும் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. நம் அன்பியங்களில் ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இது பயன்படுமா, தளம் போட்ட வீட்டினர் எத்தனை பேர், வங்கிக் கடன் எப்படி என்பதையெல்லாம் பேசவேண்டியிருக்கிறது. அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வோர் அன்பியத்தின் பொறுப்பாளரும் தத்தம் பகுதியில் ஐந்து வீடுகளின் மின்கட்டண விவரத்தைக் கேட்டு வாங்கி, பெயர் எழுதாமல் யூனிட்டை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் போதும்.